ஐந்து மணிப் போணி

போன வெள்ளிக்கிழமை எனக்கு நடத்திய விடைபெறும் கூட்டத்தில் "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் மைக்கைக் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் முன்வரிசையில் இருந்தீர்கள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். திரையை இனிமேல் அதிகம் பார்க்கக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருப்பதால், இதையும் நோட்டில் கையால்தான் எழுதுகிறேன். தட்டச்சு செய்துகொள்வது உங்கள் பொறுப்பு.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். ராஜபாளையத்தில் நம் அலுவலகம் இரண்டு அறையோடு இருந்த காலத்தில், கடைக்காரர்கள் கூப்பிட்டால் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். போனில் பேச எனக்குப் பயம். அதனால் யார் கூப்பிட்டாலும் "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டு, ஃபெயிலான பேமெண்டுகளின் பட்டியலை எடுத்து வரிசையாகப் படிப்பேன். பேசுவதற்குப் பயந்துகொண்டு படித்ததில்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது.

நாம் செய்யும் வேலையை நீங்கள் கணினிப் பாடமாகப் படித்திருப்பீர்கள். நான் புரிந்துகொண்டது ரயில்வே கேட்டை வைத்துத்தான். கடைக்காரரின் இணையப் பக்கத்தில் ஒருவர் கார்டு போட்டுப் பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தை வங்கிக்குக் கொண்டுபோக நம்மிடம் மூன்று கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றை முதல் லைன், இரண்டாம் லைன், மூன்றாம் லைன் என்கிறோம். ஒரு லைனில் கேட் மூடியிருந்தால் வண்டியை அடுத்த தெருவில் திருப்பிவிட வேண்டும். எந்த லைனில் நூற்றுக்கு எத்தனை பேமெண்ட் தேறுகிறது என்பதுதான் சக்சஸ் ரேட். கடைசி ஒரு மணி நேரத்தில் எந்த லைன் நன்றாகத் தேறியதோ அதில் அடுத்ததை அனுப்பு என்று மெஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். சொன்னதை அது செய்யும். தேறியது என்ன மாதிரியான பேமெண்ட் என்று அது கேட்காது. நானும் பல வருடம் கேட்கவில்லை.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

புதுக் கடைக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது, அவர்களுடைய இணையப் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சின்னப் பேமெண்ட் போட்டுப் பார்க்கச் சொல்வோம். "டெஸ்ட் பேமெண்ட்" என்று சொன்னால் பலருக்குப் பிடிபடாது. பரீட்சை என்று நினைத்துக்கொண்டு தயங்குவார்கள். ஆகவே நான் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தேன். "உங்க கார்டுல இருந்து நீங்களே ஒரு போணி போட்டுப் பாருங்களேன்" என்பேன். உடனே முகம் மலர்ந்துவிடும். போணி என்றால் யாருக்குத்தான் புரியாது? அன்றைய முதல் வியாபாரம் நல்லபடி ஆனால் அன்று முழுவதும் நன்றாக ஓடும் என்பது நம் ஊர்க் கடைத்தெருவில் எல்லாரும் நம்புவது. பாண்டேஜ் துணி விற்கிற பாயிலிருந்து நைட்டி விற்கிற அக்கா வரைக்கும், போன் திரையில் பணம் தேறியதற்கான பச்சை விழுந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இவ்வளவு அழகாக வேலையைச் சொல்லிக்கொடுக்கிறோமே என்று எனக்கும் உள்ளுக்குள் பெருமை.

அதை அவர்கள் ஒருநாளோடு நிறுத்தவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். தினமும் காலையில் பதினொரு ரூபாய், ஐம்பத்தொரு ரூபாய் என்று வரிசையாக விழும். எனக்கு அது கடைகளில் காலையில் சாம்பிராணி காட்டுவது மாதிரி பட்டது. சிரித்துக்கொண்டே கடந்துபோவேன். நம் பொறியாளரிடம் சொல்ல வேண்டிய செய்தி என்று தோன்றவே இல்லை.

மகாராஜபுரத்தில் ஒருவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று வந்து, பிளவக்கல் அணைக்குப் போகும் பக்கம் இருந்த தன் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பட்டை மாம்பழம். மரத்திலேயே குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, பெட்டி போட்டு ஆன்லைனில் தானே விற்பது என்று முடிவு செய்திருந்தார். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அவரோடு வேலை பார்த்தவர்கள். நாட்டின் எந்தெந்த மூலையிலோ இருந்துகொண்டு ஊர்ப் பழத்துக்கு ஆர்டர் போடுவார்கள். அவரைப் போனிலேயே சேர்த்துவிட்டதும் நான்தான். வழக்கம் போல அவரிடமும் போணி போடச் சொன்னேன்.

மற்றவர்கள் நினைத்தால் போடுவார்கள், மறந்தால் விடுவார்கள். இவர் பட்டாளத்துக்காரர். தினமும் விடியற்காலை ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு நூற்றியொரு ரூபாய் விழும். அவர் குடியிருந்த தோப்புக்குள் சிக்னல் கிடையாது. மோட்டார் ரூமின் மாடியில் ஏறினால்தான் கிடைக்கும். ஐந்து மணிக்கு ஏணியில் ஏறி, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, போன் எடுத்துப் போணி போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அந்த நான்கு நிமிடம் ஏணிக்கும் கும்பிடுக்கும்.

அந்த வருடம் மாம்பழ சீசன் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவருடைய பக்கத்தில் பேமெண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஃபெயிலாவதைப் பார்த்தேன். வாங்குபவர்களின் கார்டில் கோளாறு இல்லை. முதல் லைன் கம்பெனி கடையையே நிறுத்தி வைத்திருந்தது. கூடவே ஒரு மெயில். ஒரே கார்டிலிருந்து ஒரே தொகை தினமும் வருகிறது, அந்தக் கார்டு கடைக்காரருடையதே, ஆகவே இவர் சந்தேகத்துக்குரிய வியாபாரி. கார்டில் உள்ள கடன் பணத்தைத் தன் கடை வழியாகவே ரொக்கமாக மாற்றுகிற ஆட்கள் உண்டு. போலி விற்பனை காட்டுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க வைத்திருந்த வலையில் இவர் மாட்டியிருந்தார்.

நான் நம் பொறியாளரிடம் ஓடினேன். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். ஆனால் நெருக்கடியில் குரல் உயராது. இந்த வேலையில் நான் கற்றதில் பாதி அவரைப் பார்த்துக் கற்றது.

"அக்கா, பறிச்ச பழம் எவ்வளவு இருக்காம்?"

"முன்னூறு பெட்டிக்குப் பறிச்சு வச்சிருக்காராம் தம்பி. நாலு நாளைக்கு மேல தாங்காது."

"அப்ப மொதல்ல பழத்தைக் காப்பாத்துவோம். ரெண்டாம் லைனுக்கு மாத்தி விடுறேன். காரணத்தைப் பொறவு பாப்போம்."

ஐந்து நிமிடத்தில் மாற்றினார். பேமெண்டுகள் தேற ஆரம்பித்தன. இப்படி லைன் மாற்றிவிட்டுப் பச்சை விழுவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. உங்களுக்கும் வரும். பிரச்சினை தீர்ந்துவிட்டது போலவே இருக்கும்.

ஆனால் காரணம் எனக்கு அப்போதே தெரியும். மெயிலைப் படித்த நொடியே தெரிந்துவிட்டது. நாளைக் காலை ஐந்து நான்குக்கு அதே நூற்றியொரு ரூபாய் இரண்டாம் லைனில் விழும் என்பதும் தெரியும். அன்று நான் செய்ய வேண்டியவை இரண்டு. பொறியாளரிடம், இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சொல்வது ஒன்று. சுபேதாருக்குப் போன் போட்டு, போணி வேண்டாம் என்று சொல்வது மற்றொன்று. இரண்டுக்கும் வாய் திறக்க வேண்டியிருந்தது. நான் திறக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு திரும்பும்போது அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "சார், நாளைக் காலை உங்கள் கார்டில் போணி போட வேண்டாம். காரணம் நேரில் சொல்கிறேன்." சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் ஐந்து நான்குக்கு நூற்றியொரு ரூபாய் விழுந்திருந்தது.

காலை பத்து மணிக்கு இரண்டாம் லைனிலிருந்து எச்சரிக்கை. முதல் லைனில் நிறுத்தப்பட்ட வியாபாரி, இங்கும் அதையே செய்கிறார். நாளை மதியத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் கடையை மூடுவதோடு, எல்லாக் கம்பெனிகளும் பார்க்கிற பட்டியலில் பெயர் ஏறும். அந்தப் பட்டியலில் ஏறினால் அப்புறம் எந்த லைனும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. இந்த சீசன் மட்டும் இல்லை, இனி எந்த சீசனிலும் அவர் ஆன்லைனில் ஒரு பழம் விற்க முடியாது.

பொறியாளர் மெயிலைப் படித்துவிட்டு, "மூணாம் லைனுக்கு மாத்தவாக்கா?" என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றேன். அப்புறம் சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை கடைக்குப் போணி சொல்லிக் குடுத்தீங்க?"

"எல்லாக் கடைக்கும்."

 பிறகு விடியற்காலைக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தார். ஐந்திலிருந்து ஏழு வரை முதல் லைனில் தேறியிருந்ததில் பாதிக்கு மேல் பதினொன்று, ஐம்பத்தொன்று, நூற்றியொன்று. எல்லாம் சொந்தக் கார்டு, சின்னத் தொகை. ஃபெயிலாகவே ஆகாது. அவற்றைப் பார்த்துவிட்டு மெஷின் முதல் லைன்தான் நல்ல லைன் என்று நினைத்திருக்கிறது. நிஜமாக வாங்க வந்தவர்களையும் அதிலேயே தள்ளியிருக்கிறது. போணிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், காலை வேளையில் மூன்றிலும் மோசமான லைன் அதுதான்.

"நாம இத்தனை நாளா மொதலாளிகிட்டப் பெருமையாக் காட்டுன நம்பர், கடைக்காரங்க தங்களுக்குத் தாங்களே குடுத்த காசு அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இப்ப என்ன செய்யட்டும்?"

"விளக்கக் கடிதத்துல அவர் கையெழுத்து வேணும். நான்தான் எனக்கே பணம் கட்டுனேன், இன்ன காரணம்னு அவரே எழுதணும். போன்ல வேணாம். நீங்க நேர்ல போங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் பிடித்து, மகாராஜபுரத்தில் இறங்கும்போது மணி ஒன்றரை. வழி நெடுக, என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன்.

தோப்பில் மோட்டார் ரூம் நிழலில் சுபேதாரும் அவர் மனைவியும் உட்கார்ந்து பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னை அதுவரை போனில் மட்டுமே தெரியும். யார் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க மேடம். ஏட்டி, தண்ணி கொண்டா."

"எந்திரிக்கிறவிய கொண்டாறது. எங் கை பூரா பால்" என்றார் அந்த அம்மா, மாம்பழக் காம்பைத் துடைத்துக்கொண்டே. சுபேதாரே போய்ச் செம்பில் கொண்டுவந்தார்.

குடித்துவிட்டு, "நேத்து மெசேஜ் அனுப்பியிருந்தேனே சார், பாக்கலையா?" என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேனே. ஆனா போணிக்குப் பொறவுதான பாத்தேன். போணி ஆகாம போன்ல வேற எதையும் தொறக்க மாட்டேன் மேடம். அது வழக்கம் இல்ல."

இதை நான் முந்தின நாள் யோசித்திருக்க வேண்டும். போணி ஆகாமல் கடனுக்குக்கூட ஒரு பொருள் எடுத்துக் கொடுக்காத தெருவில் வளர்ந்தவள்தான் நானும்.

மெயிலைத் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"சந்தேகத்துக்குரிய வியாபாரின்னா?"

"அது அவிய போடுற வார்த்தை சார்..."

"எனக்கு அர்த்தம் தெரியும் தாயி. கள்ளப்பயன்னு சொல்லுதாவ. இருபத்தெட்டு வருசம் யூனிஃபார்ம் போட்டவனுக்கு ஒரு ரிமார்க் கிடையாது. நான் எங் காசை எங் கடைக்குக் கட்டுனா அதுல என்ன களவு?" காகிதத்தை மடித்தார். "நீங்கதான சொன்னிய, போணி போடுங்கன்னு?"

"நாந்தான் சொன்னேன்."

"பொறவு என்னத்துக்கு எங் கையெழுத்து? கையெழுத்துப் போட்டா நான் தப்புப் பண்ணேன்னு ஆயிரும்ல. நான் போட மாட்டேன்."

பழம் அழுகினாலும் பரவாயில்லை என்கிற முகம். பஸ்ஸில் எழுதி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் அந்த அம்மாதான் பேசினார். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"நான் மொத நாளே சொன்னேன். வெளியாளு கையால வந்தாத்தான அது போணி? இவிய சட்டப் பையில இருந்து எடுத்து வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டு, ஏவாரம் ஆயிருச்சுங்காவ. அதுக்குத் தெனம் ரெண்டு ரூவா கமிசன் வேற புடிக்கான். எம்புட்டு ரூவா இதுவரைக்கும் போச்சுன்னு கேட்டா, மலைய பாத்துக் கும்பிடுதாவ."

"ஏட்டி, சும்மா இருக்கியா?"

"சும்மாதான இருந்தேன். அதான் இந்தப் பிள்ள வெயில்ல வந்து நிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மீசை அசைந்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் திறந்தது.

"சார், நீங்க செஞ்சது களவு இல்ல. ஆனா களவு பண்றவனும் இதையேதான் செய்வான். தூரத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நாம சொன்னாத்தான் தெரியும். நீங்க செஞ்சதை நீங்க எழுதுங்க. சொல்லிக் குடுத்தது நான்னு கீழ நான் எழுதி, எங் கையெழுத்தும் போடுறேன்."

"உங்க வேலைக்கு ஆபத்து வராதா?"

"வரலாம்."

மடித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு உள்ளே போய் நோட்டும் பேனாவும் கொண்டுவந்தார். முழுக் கடிதத்தையும் பட்டாளத்து அறிக்கை மாதிரி எண் போட்டு எழுதினார். ஒன்று, நான் இன்னார். இரண்டு, கார்டு என்னுடையது. மூன்று, தினமும் ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு நூற்றியொரு ரூபாய் கட்டினேன். நான்கு, காரணம் போணி. ஐந்து, இனிமேல் கட்ட மாட்டேன். அதன் கீழே நான் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்புவதற்குச் சிக்னல் வேண்டுமே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த இரும்பு ஏணியில் சுபேதார் பின்னால் நானும் ஏறினேன். கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு இறங்கலாம் என்று திரும்பும்போது, இரண்டாம் லைனின் ரிஸ்க் டீமிலிருந்து போன் வந்தது. வடக்கே எங்கோ இருந்து பேசுகிற ஒரு பெண். ஆங்கிலத்தில் வேகமாகக் கேட்டார். கடையில் நிஜமாகவே பழம் இருக்கிறதா என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது, இருக்கிறது என்றேன். நான்காவது பாயிண்டில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஃபர்ஸ்ட் சேல்" என்றேன். சொந்தக் கார்டில் எப்படி சேல் ஆகும் என்று அவர் திருப்பிக் கேட்டதும் நின்றுவிட்டேன்.

சுபேதார் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் இந்தியில் பேச ஆரம்பித்தார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் "போஹ்னி" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. எதிர்முனையில் அந்தப் பெண்ணும் அதையே திரும்பச் சொல்வது கேட்டது. அங்கேயும் கடைத்தெருவில் இந்தப் பழக்கம் இருக்கிறதாம். சிறிது நேரம் பேசினார்கள். திடீரென்று சுபேதாரின் முகம் வாடியது. "ஜி, ஜி" என்று வைத்துவிட்டார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"அந்தப் பிள்ளையோட அப்பாவும் கடை வச்சிருக்காராம். ஆனா போணி வெளியாளு கையாலதான் வரணும், தன் கையால போட்டுக்கிட்டா அது போணியே இல்லைங்கு."

கீழே வைக்கோல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பரவால்லையே. அந்தத் தேசத்துலயும் விவரமானவ ஒருத்தி இருக்காளே!"

சாயங்காலத்துக்குள் இரண்டாம் லைன் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. முதல் லைன் மட்டும் அந்த சீசன் முடிகிற வரை கதவைத் திறக்கவில்லை. எத்தனை கடிதம் எழுதியும் பதில் இல்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் எழுதினால் அது பொய்.

எனக்கு வேலை போகவில்லை. ஆனால் போணி சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு கடைக்கும் நானே போன் போட்டு, நானே வாயால் சொல்லி நிறுத்த வேண்டும் என்றார் பொறியாளர். மெசேஜ் கூடாது. என்னைப் போன்ற ஒருத்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மழைக்காலம் வரை அந்த வேலை இழுத்தது. சொந்தக் கார்டுப் பேமெண்டுகளை எண்ணிக்கையில் சேர்க்காதே என்று மெஷினுக்கும் சொல்லி வைத்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் போர்டில் காலை நேரச் சக்சஸ் ரேட் விழுந்திருந்தது. முதலாளி ஏன் என்று கேட்டபோது, "முன்னாடி இருந்தது நம்ம நம்பர் இல்ல சார், இதுதான் நம்ம நம்பர்" என்று மட்டும் பொறியாளர் சொன்னார். கொஞ்ச நாளில் அது மெல்ல ஏறியது. காலையில் பணம் கட்ட முடியாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள் சரியான லைனில் போக ஆரம்பித்ததால் ஏறியது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றி இல்லை. கடிதம் அனுப்பிய மறுநாள் விடியற்காலையைப் பற்றி.

நான்கரைக்கே எழுந்து, வீட்டில் லேப்டாப்பைத் திறந்து அவருடைய கடைப் பக்கத்தின் பட்டியலைப் போட்டு வைத்துக்கொண்டேன். ஐந்து நான்கு ஆனது. ஒன்றும் விழவில்லை. வாக்குக் கொடுத்தபடி அவர் போடவில்லை. ஐந்து பத்து, ஐந்து பதினைந்து. முந்தின நாள் என் நம்பரை வாங்கி வைத்திருந்த அவருடைய மனைவியிடமிருந்து மெசேஜ் வந்தது. பட்டாளத்தில் இருக்கும் மகனோடு பேசுவதற்காக அந்த அம்மாவும் மாடிக்கு ஏறி வருவது வழக்கம். "இவிய மாடியிலயே நிக்காவ. கீழ வர மாட்டேங்காவ. போணி ஆகாம பெட்டியத் தொட மாட்டாவளாம். லாரி ஆறு மணிக்கு வருது."

முன்னூறு பெட்டி. லாரி வந்து நின்றால் ஏற்றியாக வேண்டும். என் கார்டு பக்கத்திலேயே இருந்தது. ஒரு பெட்டி சப்பட்டை வாங்கினால் போதும். நானும் வெளியாள்தானே. நிஜமான பணம், நிஜமான பழம், வீட்டில் சாப்பிடவும் ஆள் இருக்கிறது. முகவரி எல்லாம் போட்டு, கார்டு எண்ணும் போட்டுவிட்டேன். கட்டு என்கிற பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழுத்தவில்லை. பழம் வேண்டும் என்பதற்காக நான் அதை வாங்கப் போகவில்லை. பச்சை விழ வேண்டும் என்பதற்காகத்தான் வாங்கப் போனேன். மூன்று நாளாக அவரைப் படாத பாடு படுத்தியது அதே ஆசைதான். அவர் மாடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு ஒரு வரி வந்தது. இரண்டு பெட்டி. எனக்குத் தெரியாத பெயர், பனி பெய்கிற ஏதோ ஓர் எல்லை ஊரின் பின்கோடு. இரண்டாம் லைன். ஓடிபி போவதற்கு நேரம் எடுத்தது. அந்த வரி மஞ்சளாகவே நின்றது.  பச்சையானது.

ஒரு நிமிடம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து ஒரே ஒரு வரி.

"ஏணியில எறங்குதாவ."